பழைய பாக்கி எழுதாத பிள்ளைகள்

(நம் குடியிருப்பின் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் பேசியது)



மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில், சிலர் பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். சீடர்கள் அதட்டுகிறார்கள். இயேசு கோபப்பட்டது சீடர்களிடம்தான். இறையாட்சி இப்படிப்பட்டவர்களுக்கே உரியது என்று சொல்லி, பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்தார்.

பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், அடித்துக்கொள்வார்கள். பத்து நிமிஷத்தில் மறந்து சேர்ந்து விளையாடுவார்கள். வங்கியில் பற்று வரவு எழுதியே ஓய்வுபெற்றவன் நான். பழைய பாக்கியை மறுநாளுக்குக் கொண்டுபோகாத கணக்கை என் பேத்தியிடம்தான் பார்க்கிறேன். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் அடி அண்ணாமலையைக் கடக்கும்போது தண்ணீர் கொடுப்பாள். எந்த ஊர், எந்த மதம் என்று கேட்கமாட்டாள். “கால் வலிக்குதா?” என்றுதான் கேட்பாள்.

இந்த மனசைக் கெடுப்பது யார்? “அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லு” என்று பிள்ளையைக் கதவுக்கு அனுப்புகிற நாம்தான். பார்க்கிங் தகராறுக்காக “அந்த வீட்டுப் பிள்ளையோடு சேராதே” என்பதும் நாம்தான். சிறியவரைத் தவறச் செய்கிறவனுக்கு, கழுத்தில் எந்திரக்கல்லோடு கடலில் அமிழ்வதே நலம் என்கிறது மத்தேயு 18ஆம் அதிகாரம். கிரேக்க மூலத்தில் அது கையால் சுற்றும் திருகை அல்ல, கழுதை கட்டி இழுக்கும் பெரிய கல்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் வழக்கைச் சங்கக் கூட்டத்தில் பேசித் தீர்ப்போம். பிள்ளைகள் மாலையில் சேர்ந்து விளையாடட்டும். யாரும் உள்ளே கூப்பிட வேண்டாம்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.