நாரி நோவும் கால் நரம்பு வலியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாரி நோவைப்பற்றிப் பேசப்போகின்றோம் என்று தலைவர் அறிவித்தவுடன் முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டதையும், பின்வரிசையிலுள்ள இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் கவனித்தோம். இளைஞர்களுக்கு முதலில் ஒன்று கூறிவிடுகின்றோம். இது முதியோருக்கென்று ஒதுக்கப்பட்ட வருத்தமன்று. முள்ளந்தண்டின் இடைத்தட்டுப் பிதுங்கிக் கால் நரம்பை வருத்துவது பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையிலேயே நிகழ்கின்றது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கவேண்டிய வயது அது.

நாரி நோவென்று நாம் பொதுப்படச் சொல்வதில் இருவேறு வருத்தங்கள் கலந்துள்ளன. ஒன்று வெறும் நாரிப் பிடிப்பு. தசையும் மூட்டுச் சவ்வும் நொந்து, நாரியளவில் நின்று, சில நாட்களில் தணிந்துவிடும். மற்றது நாரியிலோ பிட்டத்திலோ தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலைக் கடந்து பாதம்வரை மின்னல்போல ஓடும். இதனையே ஆங்கில வைத்தியர் சியாட்டிக்கா என்பர். ஆயுர்வேத நூலார் கிருத்ரசி என்றனர். நோயுற்றவன் கழுகு நடப்பதுபோலச் சாய்ந்து நடப்பதால் இப்பெயர் வந்ததென்பர். இவ்வலி இடுப்பு மூட்டிலிருந்து வருவதன்று, நரம்பிலிருந்து வருவது என்று 1764-ல் நூலெழுதிப் பிரித்துக் காட்டியவர் நாபோலி நகர வைத்தியர் டொமெனிக்கோ கொட்டூனியோ.

அந்த நரம்பு நம் உடலிலுள்ள நரம்புகளெல்லாவற்றிலும் பருமனானது; ஏறக்குறைய ஒரு விரற் பருமனுடையது. முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலிருந்து ஐந்து வேர்களாகப் புறப்பட்டு ஒன்றாய்த் திரண்டு காலுக்குள் இறங்குகின்றது. முள்ளென்புகளுக்கிடையே மெத்தைபோல இருப்பவை இடைத்தட்டுக்கள். வெளியே நாரினாற் பின்னிய வளையம், உள்ளே நீர் நிறைந்த களி. வளையம் நைந்து களி பிதுங்கினால் அண்டையிலுள்ள நரம்பு வேரை அது நெருக்குவதோடு, அதனை அழற்சியடையவும் செய்கின்றது. வருத்தம் நாரியிற் கிடக்க, நோவு காலில் தெரிவதன் காரணம் இதுவே. காலிற் பூசும் எண்ணெய் போத்தல் போத்தலாக முடிந்தும் பயனில்லையென்று சலித்துக்கொள்பவர்கள் இதனை அறியவேண்டும்.

எந்த வேர் நெருக்கப்பட்டதென்பதையும் கால்தானே சொல்லும். பெருவிரற் பக்கம் விறைத்து, குதிக்காலில் நடக்க இயலாவிட்டால் நாரியின் ஐந்தாம் வேர். பாதத்தின் வெளியோரம் விறைத்து, நுனிக்காலில் எழும்ப இயலாவிட்டால் அதற்கு அடுத்த வேர். நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, முழங்காலை மடக்காமற் காலை உயர்த்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. அது பாரிஸ் பேராசிரியர் லாசேக்கின் பெயரால் வழங்குகின்றது. உண்மையில் 1881-ல் அதனை எழுதி வெளியிட்டவர் அவருடைய மாணாக்கர் ஃபோர்ஸ்ட். அதற்கு முந்திய ஆண்டிலேயே செர்பிய நாட்டு வைத்தியர் லாசரெவிச் எழுதிவிட்டார். உழைப்பு ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது என்பது சங்கங்களில் மாத்திரம் நடப்பதன்று போலும்.

இனி, வந்தவருக்கு என்ன வழி என்பதைப் பார்ப்போம்.

எமக்கு இவ்வருத்தம் வந்த காலத்தில் தும்மல் வரும்போலிருந்தால் கதவுநிலையைப் பற்றிக்கொண்டு நிற்போம். செருப்புக்குக் காலை நுழைப்பது ஒரு பெருங் காரியமாயிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் உபதேசித்தது யாதெனில், "அசையாமல் பலகையிற் படுத்துக்கிடவுங்கோ, ஒரு மாசத்துக்கு எழும்பவேண்டாம்" என்பதே. அன்பினாற் சொன்னார்கள். ஆனால் அந்த அன்பான உபதேசம் இந்நோயாளருக்கு நன்மை செய்வதில்லை என்பது இப்போது நன்கு தெளிவாகியுள்ளது.

ஒருகாலத்தில் வைத்தியர்களும் அவ்வாறே சொன்னார்கள். பொஸ்டன் நகரத்து மிக்ஸ்ரர், பார் என்னும் இருவர் 1934-ல், பிதுங்கிய இடைத்தட்டே இவ்வலிக்குக் காரணமாகின்றதென்று காட்டிய பின்னர், பிதுங்கியதை வெட்டியெடுத்தல் அல்லது வாரக்கணக்காகப் படுக்கவைத்தல் என்ற இரண்டு வழிகளே பெரிதாய் நின்றன. 1999-ல் ஒல்லாந்து தேசத்து வைத்தியர்கள் இதனைச் சோதித்து வெளியிட்டார்கள். கால் நரம்பு வலியுற்ற 183 பேரில் ஒரு பாதியினரை இரு வாரம் படுக்கையில் இருத்தினர். மறுபாதியினரை இயன்றவரை வழமைபோல நடமாட விட்டனர். பன்னிரண்டு வாரம் சென்றபின் பார்த்தால் இரு பகுதியிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தனர். படுத்தவர் படுத்ததனால் ஒன்றும் அதிகமாகப் பெறவில்லை. படுக்கையிற் கிடக்குந்தோறும் முதுகைத் தாங்கும் தசைகள் மெலிகின்றன, சம்பளம் போகின்றது, இனி நடக்கவே மாட்டோமோ என்ற பயமும் வளர்கின்றது.

ஆகவே முதலிரண்டு மூன்று நாட்கள் வலி தாங்கமுடியாதிருப்பின் படுக்கலாம். அதற்குமேல் எழுந்து நடக்கவேண்டும். வீட்டுக்குள்ளே ஐந்து நிமிடம், பின்பு கேற்வரை, பின்பு சந்திவரை என்று நாளாந்தம் கூட்டிக்கொண்டு போகலாம். நடக்கும்போது சிறிது நோவு இருப்பதனால் நரம்பு அறுந்துவிடாது. பாதத்திலிருந்த நோவு முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து பிட்டத்துக்கும் மேலேறிச் சுருங்கினால் அது நல்ல குறி. நாரியிற் சிறிது கூடினாலும் பயப்படவேண்டாம். கீழ்நோக்கி இறங்கினால் அப்போது செய்த காரியத்தை நிறுத்தவேண்டும்.

நெடுநேரம் உட்கார்ந்திருத்தல் இந்நோயாளர் பலருக்கு நிற்பதைவிடக் கடினமாயிருக்கும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் வந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அரைமணிக்கொருதரம் கதிரையைவிட்டு எழும்புக. படுக்கும்போது பக்கவாட்டாகச் சாய்ந்து இரு முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையை வைத்தால் பலருக்குச் சுகம். பலகையும் வெறுந்தரையும் வேண்டியதில்லை. நாட்பட்ட நாரி நோவுடையவர்களை வைத்து ஸ்பெயின் தேசத்திற் செய்து 2003-ல் வெளியான சோதனையில், கடினமான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையிற் படுத்தவர்களே அதிக சுகங் கண்டார்கள். காலையில் எழுந்தவுடன் குனிந்து முற்றம் கூட்டுவதும், குனிந்து கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பதும் ஆகாது. இரவில் இடைத்தட்டுக்கள் நீரையுறிஞ்சி ஊதியிருக்கும். காலையில் நாம் மாலையிலும் பார்க்க ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரமாயிருப்பதும் அதனாலேதான். அரைமணி, ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்தால் என்ன குறைந்துவிடும்?

சூட்டு ஒத்தடம், எண்ணெய் பூசி மெல்லத் தடவுதல் ஆகியன உடலை இளக்கி உறக்கந் தரும். நாம் அவற்றை இகழ்வோமல்லோம். ஆனால் நாரியில் ஆளை ஏறி மிதிக்கச் செய்வதும், "எலும்பு விலகிவிட்டது, தட்டிப் பொருத்துகிறேன்" என்று முறுக்குவதும் வேண்டா. டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்காய் விழுங்குவோர் உளர். அவை குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரஷரும் சலரோகமும் உள்ள பெரியவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது. நரம்பு வலிக்கென்று பலருக்கும் எழுதிக்கொடுக்கப்பட்டுவந்த பிரிகபலின் என்ற மருந்தும், 2017-ல் சிட்னியிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சியில், கால் நரம்பு வலியைப் பொறுத்தவரை வெறும் மாத்திரையைவிட மேலாகவில்லை.

படம் பிடித்துப் பார்ப்பதைப்பற்றி ஒரு வார்த்தை. எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "டிஸ்க் தள்ளியிருக்காம், எங்கட கதை முடிஞ்சுது" என்று கலங்குவோரைப் பார்க்கின்றோம். 1994-ல் அமெரிக்காவில், நாரி நோவே இல்லாத 98 பேரை இவ்வாறு படம் பிடித்தார்கள். அவர்களுட் பாதிப்பேருக்கு ஒரு தட்டாவது புடைத்திருந்தது. அன்றியும், பிதுங்கிய தட்டு அப்படியே என்றும் நிற்பதன்று. உடல் தானே அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவது பலரிடம் காணப்பட்டுள்ளது.

சத்திரசிகிச்சை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 2007-ல் வெளியான மற்றோர் ஒல்லாந்து ஆராய்ச்சியில், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் வலியால் வருந்திய 283 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை செய்தனர். மற்றவர்களைப் பொறுத்திருக்கச் செய்தனர். வெட்டினவர்களுக்கு வலி விரைவில் நீங்கியது. பொறுத்தவர்களில் பத்துப்பேருக்கு நால்வர் பின்னர் தாமும் வெட்டிக்கொண்டனர். ஆண்டு முடிவில் இரு பகுதியாரிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தனர். ஆகவே அவசரக் குறி எதுவும் இல்லாதவருக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது. தோட்ட வேலைக்காரர் ஒருவரின் அவசரமும் ஓய்வூதியக்காரர் ஒருவரின் பொறுமையும் ஒன்றல்ல.

இளைஞர்களே, திருவிழாக் காலங்களில் அன்னதானக் கிடாரத்தையும் அரிசி மூட்டையையும் தூக்குவது நீங்கள். "நான் தனியத் தூக்குவன்" என்று வீரங் காட்டுவதை நாம் ஒவ்வோராண்டும் பார்க்கின்றோம். பாரத்தை உடலோடு அணைத்து, முழங்காலை மடித்து எழும்புக. தூக்கியபடி இடுப்பைத் திருகாமற் காலை எடுத்து வைத்துத் திரும்புக. ஐம்பது கிலோ மூட்டைக்கு இருவர் நிற்பதில் வெட்கமில்லை. புகைத்தலும் இடைத்தட்டுக்குத் தீது என்பதை இங்கே சொல்லிவைக்கின்றோம்; யாரைப் பார்த்துச் சொல்கின்றோம் என்பது அவரவருக்குத் தெரியும்.

பெரியோர்களே, உங்களுக்கு வருவது சிலவேளை வேறு வகை. நூறு யார் நடந்தால் இரு கால்களும் கடுத்து உளையும். மதகில் உட்கார்ந்தாற் சுகமாகும். ஆனால் சைக்கிளில் மைல் கணக்காகப் போகலாம். முள்ளந்தண்டின் குழாய் ஒடுங்குவதால் வருவது இது. குனிந்திருக்கும்போது குழாய் சற்றே விரிகின்றது. காலின் இரத்தக்குழாய் அடைத்தாலும் ஏறக்குறைய இவ்வாறே நோகுமாதலால் வைத்தியரிடம் காட்டுக. இரண்டு பாதமும் எரிவது பெரும்பாலும் சலரோகத்தால் வருவது. அதற்கும் இந்நரம்பு வலிக்கும் தொடர்பில்லை.

கடைசியாக, சபையிற் சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்லப்போகின்றோம். கூச்சப்பட்டே பலர் கெடுவதால் சொல்லாமல் விடமுடியாது. நாரி நோவோடு மறைவிடமும், சைக்கிள் சீற்றிற்படும் இடமும் விறைத்துப்போதல், சிறுநீர் முட்டியும் வெளியேறாமை, அல்லது அறியாமற் போதல், மலம் அடங்காமை, இரு கால்களும் சோர்தல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் நரம்பு வேர்களின் கற்றை முழுவதும் நெருக்கப்படுகின்றதென்று சந்தேகிக்கவேண்டும். இங்கே பொறுமை உதவாது. மணிக்கணக்கில் சத்திரசிகிச்சை செய்தாற்றான் காப்பாற்றலாம்; தாமதித்தால் ஆயுள் முழுவதும் சிறுநீர்க் குழாயோடு இருக்க நேரிடலாம். பாதம் தொங்கிப்போனாலும், காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ நாரி நோவோடு சேர்ந்தாலும் வைத்தியரிடம் தாமதியாமற் செல்க.

எங்கள் வீடுகளில் ஆச்சிமார் இதனை ஆண் மக்களிடம் சொல்லமாட்டார்கள். "கொஞ்சம் சலம் போகேல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆகையால் மகளோ மருமகளோ தனியே கூட்டிக்கொண்டுபோய், "ஆச்சி, கழுவேக்க கை பட்டது தெரியுதோ?" என்று நேரே கேட்கவேண்டும். தெரியவில்லை என்றால் விடியட்டுமென்று காத்திராமல், எண்ணெயும் தேடாமல், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாகனமில்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணமில்லை.

நீண்டநேரம் உட்கார்ந்துவிட்டீர்கள்; எல்லோரும் ஒருமுறை எழுந்து நடவுங்கள்.