முதலில் ஜெபம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு ஷிப்ட் மாறி மாறி ஓடும் பேருந்துகளில் பீகார், ஒடிசா இளைஞர்கள் பலர். இவர்களிடம் நற்செய்தி சொல்ல விரும்பும் சபை எங்கே தொடங்க வேண்டும்? ஜெபத்தில் என்கிறது வரலாறு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1727-இல் மொரேவியர் என்ற கிறிஸ்தவக் குழுவினர் முறைவைத்து இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். 1732-இல் ஊழியர்களை அனுப்பினார்கள். 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். நம் நாட்டின் ‘நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு’ என்ற ஊழிய அமைப்பும் ஜெபக்கூட்டங்களாகப் பிறந்து, பிறகே வடமாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்பியது.

ஜெபித்தால் மட்டும் வேலை நடந்துவிடுமா என்று கேட்கலாம். ஜெபித்தவர்களே புறப்பட்டார்கள் என்பதே பதில். மனமாற்றம் தேவன் கையில் இருக்கிறது என்று நம்பி ஜெபிப்பவர் யாரையும் வற்புறுத்த மாட்டார். சீடராக வருபவரின் தடுமாற்றங்களையும் பொறுமையோடு தாங்குவார். பக்கத்து அறைத் தொழிலாளியின் பெயரைக் கேட்டறிந்து, இன்று அவருக்காக ஜெபியுங்கள்.