தகடூர் மலைச்சாரலில் ஓர் அயலவர்

பத்தாம் ஆண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் அன்பர்களே!

கடல் கடந்து சென்று வாழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. சீனநாட்டுச் சுவான்சௌ துறைமுக நகரில் கிடைத்துள்ள தமிழ்க் கல்வெட்டு, 1281ஆம் ஆண்டிலேயே அங்குச் சிவன்கோயில் கண்ட தமிழரைப் பற்றிக் கூறுகின்றது. நம்மவர் அயல்மண்ணில் வாழ்ந்த கதையைப் பெருமையுடன் பேசுகின்றோம். அயலவர் ஒருவர் நம் மண்ணில் வாழ்ந்த கதையையோ மறந்துவிடுகின்றோம். காரிமங்கலத்திற்குத் தெற்கே, அன்று தகடூர் எனவும் இன்று தருமபுரி எனவும் வழங்கும் ஊரில் தங்கி வாழ்ந்த தாமஸ் மன்றோவின் வாழ்க்கை அத்தகையது.

மன்றோ 1761இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். தந்தையார் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வாணிகம் நொடித்தது, குடும்பம் வறுமையுற்றது. அவ்வறுமையே மகனைக் கும்பினிப் படையில் சேர்த்து, 1780இல் சென்னைக் கரையில் இறக்கியது. தம் ஊதியத்தில் ஒரு பகுதியை அவர் பெற்றோர்க்கு அனுப்பிவந்தார். இன்று வளைகுடா நாடுகளிலிருந்து வீட்டிற்குப் பணம் அனுப்பும் நம் ஊர் இளைஞர்க்கும் அவர்க்கும் இவ்வகையில் வேறுபாடில்லை. குடும்பத்தின் கடன் இளைஞரைக் கப்பலேற்றுவது எல்லா நாட்டிற்கும் பொதுவான கதை.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, பாராமகால் நாடு திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. காரிமங்கலமும் தருமபுரியும் அந்நாட்டைச் சேர்ந்தவை. அதனை ஆள அலெக்சாண்டர் ரீடு அனுப்பப்பட்டார். அவர்க்குத் துணையாக வந்தோருள் மன்றோவும் ஒருவர். ஒவ்வொரு வயலையும் அளந்து, இடைத்தரகர் இன்றி உழவரோடு நேரே வரி பேசும் முறை இங்கேதான் உருப்பெற்றது. பின்னாளில் சென்னை மாகாணத்தில் பரவிய இரயத்துவாரி முறைக்கு நம் மண்ணே நாற்றங்கால் எனலாம்.

அளக்க வந்தவர் அம்மண்ணின்மேல் அன்புகொண்டார் என்பதே வியப்பு. ஊர் ஊராகச் சென்று கூடாரத்தில் தங்கி, உழவரின் முறையீடுகளை நேரில் கேட்டார். தருமபுரியில் ஒரு தோட்டம் அமைத்து, ஊரில் இருந்த நாள்களில் அதில் நாளும் ஒரு மணி நேரமேனும் செலவிட்டார். அத்தோட்டத்தைப் பிரிவது பழைய நண்பரைப் பிரிவது போல் நெஞ்சை வருத்துவதாகவும், இந்நாட்டின் ஒவ்வொரு மரமும் மலையும் தம்மை ஈர்த்துப் பிணிப்பதாகவும் அவர் மடல்கள் கூறுகின்றன. 1799இல் கன்னடக் கடற்கரைப் பகுதிக்கு மாற்றப்பட்டபோது அங்கு அவர் மனம் ஒன்றவில்லை. பாராமகாலையே எண்ணி ஏங்கினார். பிறந்த ஊரைப் பிரிந்தவர், வந்த ஊரையும் பிரிந்து வருந்தினார். அயல்மண்ணில் வாழ்வோர்க்கு நேரும் இரட்டைத் துயர் இது.

ஆயினும் இந்த அன்பின் மறுபக்கத்தையும் சொல்லுதல் கடன். சுவான்சௌத் தமிழர் அயலாட்சியின்கீழ் வாழ்ந்த விருந்தினர். கானின் ஆணை பெற்று, அவர் நலம் வேண்டியே கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்தனர். மன்றோவோ ஆணையிடும் இடத்தில் இருந்தவர். மாலையில் தோட்டத்தில் உலவிய அவர் கைதான் பகலில் வரிக்கணக்கில் ஒப்பமிட்டது. வானம் பொய்த்த ஆண்டிலும் வரி பொய்க்கக் கூடாது என்னும் ஆட்சியின் கண்டிப்பு, கேழ்வரகை நம்பி வாழ்ந்த புன்செய் உழவரை எவ்வளவு வாட்டியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். வரி மிகுதி என்பதை மன்றோவே உணர்ந்தார். பிற்காலத்தில் தாம் ஆண்ட ஆந்திரப் பகுதியில் வரியைக் காற்பங்கு குறைக்க வேண்டுமென 1807இல் பரிந்துரைத்தார். உழவரின் வாசலில் நின்று கேட்ட செவி அவர்க்கு இருந்தமையால்தான் அவ்வுணர்வு பிறந்தது.

அச்செவி வேறொரு பயனையும் தந்தது. 1813இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் சான்றுரைத்தபோது, நாகரிகம் ஒரு வாணிகப் பொருளாகுமாயின் இந்தியாவிலிருந்து அதை இறக்குமதி செய்வதால் இங்கிலாந்தே ஊதியம் பெறும் என்னும் கருத்தை அச்சமின்றி மொழிந்தார். 1820இல் சென்னை ஆளுநரானார். தாயகம் திரும்பவிருந்த வேளையில், 1827 சூலை 6ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மறைந்தார். ஊர் திரும்பும் ஆசை நிறைவேறவில்லை.

ஒரு நிலத்தில் தங்குதல் வேறு, வாழ்தல் வேறு. கூலியும் கூரையும் இருந்தால் தங்கலாம். அம்மண்ணின் மரத்தையும் மழையையும் அறிந்து, அங்குள்ளார் குறையைக் காதுகொடுத்துக் கேட்பவரே வாழ்ந்தவர் ஆவார். எனினும், அன்பு செலுத்தினார் என்பதற்காக வரிச்சுமையை மறப்பதும், வரி தண்டினார் என்பதற்காக அன்பை மறைப்பதும் வரலாற்றுக்கு நேர்மையாகா.

மன்றோவின் உள்ளத்தை இன்று நாம் அறிவது அவர் எழுதிய மடல்களால். அவர் அளந்த வயல்களின் உழவர் என்ன நினைத்தனர் என்பதைச் சொல்ல அவர்தம் மடல் ஒன்றும் நம் கையில் இல்லை. அந்த இழப்பு மீண்டும் நேரலாகாது. காரிமங்கலத்திலிருந்தும் சுற்றுச் சிற்றூர்களிலிருந்தும் வெளிநாடு சென்று உழைப்போர் எழுதிய மடல்கள் பல வீடுகளின் பெட்டிகளில் உறங்குகின்றன. உரியவர் இசைவோடு அவற்றைத் தொகுத்துக் காப்பதைத் தன் பதினோராம் ஆண்டின் முதற்பணியாக இவ்வட்டம் ஏற்குமாயின், நாளைய தலைமுறை நன்றி கூறும்.