கண்ணேறா? உராய்வா?

(பாப்பாரப்பட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



1939 முதல் 1945 வரை நடந்த உலக யுத்த காலத்தில், ஆகாய விமானத்தைப் பற்றியும், காற்று, எண்ணெய் முதலியவற்றின் ஓட்டத்தைப் பற்றியும், உராய்வைப் பற்றியும் செய்யப்பட்ட ஆராய்ச்சிகளைக் குறித்து நான் பேசுவேன் என்று தலைவர் அவர்கள் சொன்னார்கள். விமானத்துக்கும் பாப்பாரப்பட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் நிரம்ப உண்டு. அதைச் சொல்வதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பெருமை தரக்கூடிய கதையல்ல.

எங்கள் கிணற்றில் ஒரு ஆயில் என்ஜின் இருந்தது. அப்போது எனக்கு வயது 16. அதைத் துடைப்பதும் அதற்கு எண்ணெய் விடுவதும் என் வேலை. ஒரு கோடையில், கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த சமயத்தில், என்ஜின் கிரீச்சென்று கத்திக்கொண்டு நின்றுவிட்டது. பேரிங் பிடித்துக் கொண்டது. அன்று காலையில்தான், கணவனை இழந்த ஒரு அம்மாள் எங்கள் தொட்டியில் குடம் நிரப்பும்போது, “அடேயப்பா, என்ன வேகமாய்க் கொட்டுகிறது தண்ணீர்!” என்று சொன்னார்களாம். அவ்வளவுதான். அந்த அம்மாளின் கண்பட்டுத்தான் என்ஜின் நின்றதென்று எங்கள் வீட்டில் ஏகமனதாய்த் தீர்மானமாகிவிட்டது. இனி அவர்கள் தொட்டிப் பக்கமே வரக்கூடாதென்று உத்தரவாயிற்று. மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், பேரிங்குக்குப் புது மெட்டல் போட்டு ஓட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் அதுவும் உருகிற்று.

பிறகு தர்மபுரியிலிருந்து ஒரு மெக்கானிக்கு வந்தார். அவர் யார் கண்ணைப் பற்றியும் விசாரிக்கவில்லை. எண்ணெய் போகும் துவாரத்தில் ஒரு மெல்லிய கம்பியை விட்டு நெம்பினார். உள்ளேயிருந்து நகத்தளவு பஞ்சு வந்தது. என்ஜினைத் துடைக்கும்போது நான் விட்டுவிட்ட பஞ்சு! அதற்குள் கரும்பில் பாதி காய்ந்து போயிற்று. அது போனால் போகட்டும். குற்றம் என்னுடையது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும், அந்த அம்மாளிடம் போய், “நாங்கள் சொன்னது தப்பு, வந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்தக் கோடை முழுவதும் அவர்கள் வேறொரு கிணற்றுக்கு நடந்து போய்த் தண்ணீர் சுமந்தார்கள்.

தோழர்களே! அன்று அந்தத் துவாரத்துக்குள் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் நான் இந்த விஷயங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

வண்டியச்சுக்கு மசகு போடாமல் நம் பெரியவர்கள் வண்டி பூட்டியதில்லை. வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து, வண்டியிலேயே கட்டிவைத்திருப்பார்கள். மசகு இல்லாவிட்டால் அச்சு கத்தும், மாடு திணறும். இது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆனால் மசகு ஏன் வேலை செய்கிறது என்று கேட்கப் புறப்பட்டவர்கள்தான் விஞ்ஞானிகள்.

1883ம் வருஷம் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற என்ஜினீயர், ரயில் வண்டியின் அச்சையும் பேரிங்கையும் போல ஒன்று அமைத்துச் சோதித்துக் கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்புறத்தில் ஒரு துவாரம் போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துவாரத்தின் வழியாக மேலே பொங்கி வந்தது! மரக்கட்டையால் அடைத்தார், கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. அழுத்தம் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார். சதுர அங்குலத்துக்கு 200 ராத்தலுக்கு மேல் காட்டியது. வேறொருவராயிருந்தால் ஏதோ தெய்வச் செயலென்று கும்பிட்டிருப்பார். டவர் அதை அப்படியே எழுதி வைத்தார். 1886ல் மான்செஸ்டர் நகரத்துப் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அதன் காரணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், வரவரக் குறுகிக்கொண்டே போகும் சந்துக்குள் திணிக்கிறது. நெருக்கப்பட்ட எண்ணெய் பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. அதாவது, நன்றாய் ஓடும் என்ஜினில் இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை. எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது.

அந்தப் படலம் அறுந்துவிட்டால்? அந்தக் கேள்விக்கு யுத்த காலத்தில் ஆஸ்திரேலியாவில் நல்ல பதில் கிடைத்தது. பிலிப் பௌடன் என்பவர் ஆஸ்திரேலியாவில் பிறந்து, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துவந்தவர். 1939ல் யுத்தம் மூண்டபோது தாய்நாட்டில் இருந்தார். உடனே மெல்போர்னில் பேரிங்குகளுக்கும் மசகெண்ணெய்களுக்கும் ஒரு ஆராய்ச்சிப் பிரிவை ஏற்படுத்தினார். டேவிட் டேபர் என்பவர் அவரோடு வந்து சேர்ந்தார். விமான என்ஜினின் பேரிங்குகள் சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய அவசர வேலைகளில் ஒன்று.

எவ்வளவு வழவழப்பாய் மெருகிட்ட உலோகமும் நுட்பமாய்ப் பார்த்தால் மேடு பள்ளமாகவே இருக்கும். இரண்டு பலாப்பழங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், முழுப்பழமுமா தொடுகிறது? சில முட்களின் நுனிகள் மட்டுமே தொடும். இரண்டு உலோகங்களும் அப்படித்தான். பாரம் முழுவதும் அந்தச் சில நுனிகளின் மேல் விழுவதால், அவை நசுங்கி ஒன்றோடொன்று பற்றவைத்தது போல் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதை அறுத்துக்கொண்டு நகர்வதற்கு ஆகும் பலம்தான் முக்கியமாய் நாம் உராய்வு என்பது. ஆகவே, கடினமான உலோகத்தின் மேல் ஈயம் போன்ற மெத்தென்ற உலோகம் மெல்லிய பூச்சாக இருந்தால், அறுபடுவது சுலபம், உராய்வும் குறையும் என்று அவர்கள் காட்டினார்கள். செம்பும் ஈயமும் சேர்ந்த பேரிங்குகள் ஏன் வேலை செய்கின்றன என்பது இதனால் விளங்கிற்று. எங்கள் என்ஜினில் எண்ணெய் வரவில்லை, படலம் அறுந்தது, நுனிகள் ஒட்டின, சூடேறின, மெட்டல் உருகியது. இதில் அந்த அம்மாளின் கண்ணுக்கு எங்கே இடமிருக்கிறது? சொல்லுங்கள்!

நிற்க. எண்ணெய்க்குச் சொன்னது காற்றுக்கும் ஒருவாறு பொருந்தும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரைக் கேளுங்கள். நடு ஆற்றில் இழுப்பு அதிகம், பாறை ஓரத்தில் குறைவு என்று சொல்லுவார். பாறையை ஒட்டிய தண்ணீர் பாறையோடு ஒட்டி நின்றுவிடுகிறது. உங்கள் வீட்டு மின்விசிறி எவ்வளவு வேகமாய்ச் சுழன்றாலும் அதன் இறக்கையில் தூசி படிந்தே இருக்கிறதே, ஏன்? இறக்கையை ஒட்டிய காற்று இறக்கையோடேயே சுற்றுகிறது; தூசியைத் தள்ள அங்கே வேகமான காற்று இல்லை. இந்த மெல்லிய படலத்தின் முக்கியத்தை 1904ல் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டல் எடுத்துக்காட்டினார். விமானத்தைக் காற்று பின்னுக்கு இழுப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதற்குள் இருக்கிறது.

இதை எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? யுத்தத்தில் பேர்பெற்ற ஸ்பிட்பயர் விமானத்தின் முதல் மாதிரியில் ரிவிட்டுத் தலைகள் மேலே துருத்தாமல் சமமாய் அடிக்கப்பட்டிருந்தன. அப்படி அடிப்பதற்குச் செலவும் நேரமும் அதிகம். உருண்டைத் தலை ரிவிட்டு அடித்தால் எவ்வளவு வேகம் குறையும் என்று அறிய, உடைத்த பட்டாணிப் பருப்பைக் கோந்து போட்டு ஒவ்வொரு ரிவிட்டின் மேலும் ஒட்டிப் பறக்கவிட்டார்கள். மணிக்கு 20 மைலுக்கு மேல் வேகம் குறைந்தது. பிறகு இடம் இடமாய்ப் பருப்பை எடுத்துவிட்டுப் பறந்து, எந்த இடத்துக்குச் சமமான தலை அவசியம், எந்த இடத்துக்கு அவசியமில்லை என்று கண்டுகொண்டார்கள். நாம் கூட்டு வைக்கிற பருப்புதான் தோழர்களே! சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டுமா?

இதெல்லாம் வெள்ளைக்காரர் தேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து நூறு மைலுக்குள் இருக்கும் பெங்களூரில் 1940 டிசம்பரில் இந்துஸ்தான் விமானக் கம்பெனி தொடங்கப்பட்டது. யுத்தகாலத்தில் அங்கே விமானங்களும் என்ஜின்களும் பழுது பார்க்கப்பட்டன. அதே ஊரில் 1909 முதல் இருந்துவரும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1942 டிசம்பரில் விமானப் பொறியியல் துறை ஏற்பட்டது. அதை நடத்தியவர், நான் முன் சொன்ன பிராண்டலிடமே போய் ஆராய்ச்சி செய்து 1936ல் டாக்டர் பட்டம் பெற்று வந்த விஷ்ணு மாதவ காட்கே. இந்தியாவில் வடிவமைத்த எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் அவர் தலைமையில் உருவாகி 1951 ஆகஸ்டில் பறந்தது. அதே 1951ல் அந்தக் கழகத்துக்கு வந்து சேர்ந்தவர் சதீஷ் தவான். தகட்டின் மேல் ஓடும் காற்று அதை எவ்வளவு பலத்தோடு உராய்ந்து இழுக்கிறது என்பதை நேராகவே அளந்து காட்டியவர். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்கு இன்று அவர் பெயர்தான் இருக்கிறது.

“நம் முன்னோர்கள் எப்போதோ விமானம் விட்டார்களே” என்று ஒரு கூட்டம் சொல்லும். வைமானிக சாஸ்திரம் என்று ஒரு புத்தகத்தையும் காட்டும். 1974ல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் விமானத் துறையையும் இயந்திரத் துறையையும் சேர்ந்த ஐவர் அந்தப் புத்தகத்தைப் பரிசோதித்தார்கள். படிக்காமலே கேலி செய்யவில்லை. கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. அதில் சொன்ன அளவு, எடை, அமைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, அது 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டதே என்றும், அந்த விமானங்கள் பறக்கவே மாட்டா என்றும் வெளியிட்டார்கள். பட்டாணியைச் சோதித்த அதே முறைதான் ஏட்டுக்கும்.

இனித் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி. 1940ல் இங்கிலாந்தின் விமானங்கள் மூக்கைத் திடீரென்று கீழே சாய்த்தால் என்ஜின் விக்கி நின்றுவிடும். ஜெர்மன் விமானங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இதனால் பலர் ஆபத்துக்குள்ளானார்கள். விமானம் அப்படிச் சாயும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் மேலே எழும்பி, மிதவை நிலைமாறி, அளவுக்கு மீறிப் பெட்ரோல் பாய்ந்து என்ஜினை மூழ்கடித்தது. இதற்குத் தற்காலப் பரிகாரம் கண்டவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி. ரெனால்ட்ஸ் இருந்த அதே மான்செஸ்டரில் என்ஜினீயரிங் படித்தவர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியவர். என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் அதிகபட்சம் வேண்டுமோ அவ்வளவே போகும்படி அளவாய்த் துளைத்த ஒரு சிறு பித்தளை வில்லை! அதுதான் பரிகாரம். 1941 மார்ச்சுக்குள் அது போர் விமானங்களில் பொருத்தப்பட்டுவிட்டது. முழுப் பரிகாரம் வேறு கார்புரேட்டர் வந்த பிறகுதான் ஆயிற்று. ஆனால் அதுவரை உயிர்காத்தது அந்த வில்லை.

நம் சென்னையிலும் அக்காலத்தில் ஒருவர் இருந்தார். ஏ.லலிதா என்ற அம்மையார் 18 வயதில், கைக்குழந்தையோடு, கணவனை இழந்தார். மூலையில் உட்காரவில்லை. 1940ல் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்து, யுத்தம் முடியுமுன்பே மின்சார என்ஜினீயராய் வெளிவந்தார். கல்லூரிச் சான்றிதழில் ‘அவன்’ என்று பொருள்படும் வார்த்தையே அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுத வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையிலும் பங்குகொண்டார். விதவை எதிரே வந்தால் வேலை கெடும் என்கிறவர்கள், அந்த விதவையின் கைவேலையில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டா இருட்டில் உட்கார்ந்தார்கள்?

யுத்தத்துக்காகச் செய்த ஆராய்ச்சி மனிதனைக் கொல்லத்தானே உதவிற்று என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த விமானங்கள் ஊர்களை எரித்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உராய்வைப் பற்றிய அறிவு கொல்லச் சொல்லவில்லை, ஆண்டவர்கள் சொன்னார்கள். அதே அறிவுதான் இன்று நம் பம்பு செட்டிலும், பஸ்ஸிலும், மாவு மில்லிலும் வேலை செய்கிறது. அறிவு யாரிடம் இருக்கிறதோ அவன் இஷ்டப்படியே அது பயன்படும் என்பதனாலேயே, அது எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்கிறேன். நம் வண்டிக்காரர் பிள்ளையும், மெக்கானிக்கின் பெண்ணும் பெங்களூருக்கும் கிண்டிக்கும் போய்ப் படிக்க வேண்டும் என்கிறேன்.

தோழர்களே! மூடநம்பிக்கையால் பூசணிக்காய் நஷ்டம் என்பது மட்டுமல்ல. ஒரு தப்புக்குக் காரணம் தேடாத இடத்தில், ஒரு ஆளைத் தேடுகிறோம். அந்த ஆள் எப்போதும் எதிர்த்துப் பேச முடியாத ஏழையாகவோ, விதவையாகவோ, தாழ்த்தப்பட்டவராகவோ இருக்கிறார். துவாரத்தில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்திருந்தால் எங்கள் கரும்பும் பிழைத்திருக்கும், அந்த அம்மாளின் மானமும் பிழைத்திருக்கும். அவர்கள் இன்று உயிரோடு இல்லை. அவர்களிடம் அன்று சொல்லாததை, ஊரறிய இந்த மேடையில் சொல்லுகிறேன்: தப்பு என்னுடையது.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் மின்விசிறியின் இறக்கையைத் தடவிப் பாருங்கள். நாளைக்கு உங்கள் இயந்திரம் எதாவது நின்றால், யார் பார்த்தார்கள் என்று கேட்பதற்கு முன், எண்ணெய் போகிறதா என்று பாருங்கள்.