மேல்மாடியில் விளக்கு எரியட்டும்: சிறுபட்டணங்களுக்குக் கட்டடக்கலை என்ன செய்யலாம்?

(சிறுபட்டணங்களின் எதிர்காலம் குறித்த கலந்துரையாடலில் கட்டட வரைஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெருநகரத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு தேய்ந்து வரும் சிறுபட்டணங்களுக்குக் கட்டடக்கலை உதவுமா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. உரிமை பேசும் மேடையில் செங்கல், சுண்ணாம்பு பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களில் பல, முதலில் வந்து நின்ற இடம் இந்தச் சிறுபட்டணங்கள்தாம். அங்கே யாருக்கு வீடு கிடைக்கிறது, யார் வெளியேற்றப்படுகிறார் என்பது உரிமைக் கேள்வி. அந்தக் கேள்வியில் கட்டடத்துக்கும் பங்கு உண்டு.

முதலில் நிலவரத்தைப் பார்ப்போம். 1970-இல் மலேசியர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தார்கள். 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அது 75 ஆகிவிட்டது. இதை மட்டும் பார்த்தால் நம் பட்டணங்கள் எல்லாம் கொழித்திருக்க வேண்டும். நடந்தது அப்படி இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு பெருத்தது. அதிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பழைய பட்டணங்களில் பல மெலிந்தன. பிள்ளைகள் படித்து முடித்துக் கோலாலம்பூருக்கோ ஷா ஆலாமுக்கோ போனார்கள். கடையில் அப்பா, அம்மா மட்டும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது.

ஏன் இப்படி ஆயிற்று? மூன்று காரணங்களைச் சொல்வேன்.

முதல் காரணம், ஒரே தொழிலை நம்பிய ஊர். பத்து ஆராங் நல்ல எடுத்துக்காட்டு. 1915 வாக்கில் அங்கே நிலக்கரி வெட்டத் தொடங்கினார்கள். மலாயாவின் ரயிலுக்கும் மின்சாரத்துக்கும் அந்த நிலக்கரி போயிற்று. நம்மவர்களும் சீனத் தொழிலாளர்களும் அங்கே உழைத்தார்கள். 1937-இல் நாடே திரும்பிப் பார்த்த வேலைநிறுத்தம் நடந்ததும் அங்கேதான். ரயில் டீசலுக்கு மாறியது, 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனதும் ஊரின் உயிர் போயிற்று. ஈய லம்பத்தை நம்பிய ஊர்களுக்கும், சுற்றியுள்ள தோட்டங்களின் சம்பள நாளை நம்பிய கடைத்தெருக்களுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது காரணம், சாலை. 1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஈப்போவுக்குப் போகிறவர் ஒவ்வொரு பட்டணத்தையும் ஊடுருவித்தான் போக வேண்டும். தேநீர் குடிப்பார், டயர் மாற்றுவார், பழம் வாங்குவார். நெடுஞ்சாலை வந்த பிறகு அந்த வண்டிகள் ஊருக்குள் வருவதில்லை.

மூன்றாவது காரணம்தான் என் தொழிலுக்கு நெருக்கமானது. ஊர் தேய்கிறது என்றதும் ஊருக்கு வெளியே புதிய 'பண்டார்' கட்டுவது. செம்பனைக் காட்டை வெட்டி ஆயிரக்கணக்கில் வீடு, கடை, குழிப்பந்துத் திடல். உலு சிலாங்கூரில் 1990-களில் இப்படி எழுந்தவைதாம் புக்கிட் பெருந்தோங்கும் லெம்பா பெரிங்கினும். 1997-இல் நிதி நெருக்கடி வந்தது. வரிசை வரிசையாக வீடுகள் ஆளில்லாமல் நின்றன. லெம்பா பெரிங்கினில் கூரை இடிந்து, கொடி படர்ந்து, காடு திரும்பி வந்த வீடுகளைப் பலர் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வீடு வாங்கக் கடன் பட்டவர்களின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே மாவட்டத்தில் கோல குபு பாரு இருக்கிறது. இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய கோல குபு ஓர் ஈய ஊர். 1883-இல் அங்கிருந்த அணை உடைந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பிறகு மேலே இருந்த லம்பங்களின் மண் ஆற்றில் இறங்கி, ஆற்றுப் படுகை உயர்ந்து, வெள்ளம் ஓயவில்லை. கடைசியில் 1920-களில் அரசாங்கம் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்ற முடிவு செய்தது. திட்டம் போட்டவர் சார்ல்ஸ் ரீட். 1921-இல் மலாயாவுக்கு அரசாங்க நகரத் திட்ட அதிகாரியாக வந்தவர் அவர். இங்கிலாந்தில் எபினேசர் ஹாவர்ட் முன்வைத்த தோட்ட நகரக் கருத்தைப் பின்பற்றியவர். கடைத்தெரு ஒரு பக்கம், அரசாங்க அலுவலகங்களும் குடியிருப்பும் இன்னொரு பக்கம், இடையே பச்சை நிலம் என்று வகுத்தார். ஏறக்குறைய நூறாண்டு ஆகியும் அந்த அமைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. சந்தையிலிருந்து அஞ்சலகத்துக்கும் அங்கிருந்து திடலுக்கும் நடந்தே போகலாம். இன்று கோடிக் கணக்கில் செலவழித்துக் கட்டும் புதிய பண்டார்களில் ரொட்டி வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆக, ஒரு பக்கம் ஆளில்லாத புதிய வீடுகள். மறுபக்கம், நன்றாக வகுக்கப்பட்ட பழைய பட்டணங்களில் ஆளில்லாத மேல்மாடிகள். ஒரே மாவட்டத்தில் இரண்டும் நடந்திருக்கின்றன. இதற்கு நடுவில், வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலையும் குடும்பங்களும் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது இதுதான்: தேயும் பட்டணத்துக்குக் கட்டடக்கலை செய்யக்கூடிய முதல் உதவி புதிய கட்டடம் எழுப்புவது அல்ல. இருக்கும் கடைவீடுகளின் மேல்மாடியில் மறுபடியும் மனிதர்கள் குடியிருக்க வழி செய்வது.

கடைவீடு என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த கட்டடம்தான். முகப்பு குறுகல், சுமார் ஆறு மீட்டர். உள்ளே போகப் போக நீளம். நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்க ஒரு திறந்த முற்றம். முன்னால் அஞ்சடி, வெயிலும் மழையும் படாமல் நடக்க. கீழே வியாபாரம், மேலே குடும்பம். முடிதிருத்தும் கடைக்காரர், பலசரக்குக் கடைக்காரர், தையல்காரர் எல்லாம் இப்படித்தான் வாழ்ந்தார்கள். கடையையும் வீட்டையும் ஒரே வாடகையில் அடக்கிய இந்த அமைப்புதான் சிறு முதல் போட்டவரைக் காப்பாற்றியது. இரவில் மேலே விளக்கு எரிந்ததால் தெருவும் பாதுகாப்பாக இருந்தது.

இப்போது பல ஊர்களில் மேல்மாடி என்ன ஆயிற்று? பூட்டிக் கிடக்கிறது. அல்லது சன்னல்களை அடைத்துவிட்டு, ஒலிபெருக்கி வைத்து, வாலிட் குருவிக்குக் கொடுத்துவிட்டார்கள். கூடு விலை போவதால் மனிதரை விடக் குருவி லாபம். ஈரத்துக்காகத் தண்ணீர் தெளித்துத் தெளித்து மரத் தளமும் சுவரும் உளுத்துப் போகின்றன.

மறுபடி குடியேற்ற என்ன தேவை? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நான்கு வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, கணக்கெடுப்பு. ஒவ்வொரு கடைவீட்டையும் அளந்து வரைய வேண்டும். எது பூட்டிக் கிடக்கிறது, எதில் கூரை ஒழுகுகிறது, உரிமையாளர் யார், வாடகைக்கு இருப்பவர் யார், எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று எழுத வேண்டும். கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் விடுமுறையில் இதைச் செய்துவிடலாம். இந்தப் பட்டியல் இல்லாமல் போடும் திட்டம் எல்லாம் இருட்டில் எறியும் கல்.

இரண்டு, கூரையும் நீர்வடிகாலும். முகப்புக்கு வண்ணம் அடிப்பது கடைசி வேலை. ஒழுகும் ஓட்டை மாற்றி, தண்ணீர் சுவரில் இறங்காமல் செய்தாலே கட்டடம் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். இன்னொன்று: பழைய செங்கல் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசாதீர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, பூச்சு உப்பி உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் அந்தச் சுவருக்கு ஏற்றது.

மூன்று, மாடிப்படி. மேல்மாடிகள் பூட்டிக் கிடப்பதற்குப் படியும் ஒரு காரணம். பல கடைவீடுகளில் மாடிக்குப் போகும் படி கடைக்குள்ளேயே இருக்கிறது. கடை ஒருவருக்கு, மாடி இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுத்தால், மேலே இருப்பவர் கடை பூட்டிய பிறகு எப்படிப் போய் வருவது? தீப்பற்றினால் எப்படித் தப்புவது? ஊராட்சி மன்றம் அனுமதி மறுப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் பின்பக்கம் சந்து இருக்கிறது. மலக்கூடை எடுக்கவும் தீயணைக்கவும் அந்தக் காலத்தில் விட்ட சந்து. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சேர்ந்து, தங்கள் பின்கட்டில் ஒரே பொதுப் படி கட்டினால் இரண்டு மாடிகளுக்கும் வழி பிறக்கும், செலவும் பாதியாகும். இரண்டு வீட்டுக்கும் பொருந்தும்படி வரைந்து, தீயணைப்புத் துறையிடம் ஒப்புதல் வாங்கிக் கொடுப்பது கட்டட வரைஞரின் வேலை.

நான்கு, நடை. கொம்யூட்டர் ரயில் தஞ்சோங் மாலிம் வரை ஓடுகிறது. கோல குபு பாருவில் நிலையமும் இருக்கிறது. ஆனால் அது கடைத்தெருவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மேல்மாடியில் குடியிருந்துகொண்டு கோலாலம்பூருக்கு வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர், நிலையத்துக்கு எப்படிப் போவார்? ரயில் நேரத்துக்கு ஒரு சிற்றுந்து, நிழல் மரங்களோடு ஒரு சைக்கிள் பாதை, தடுப்புகள் எடுக்கப்பட்ட அஞ்சடி. பெருநகரம் பக்கத்தில் இருப்பது அப்போதுதான் ஊருக்கு லாபம் ஆகும்.

நண்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கட்டடம் பிழைத்து மக்கள் போய்விட்ட கதையும் நம் நாட்டில் இருக்கிறது. பினாங்கு ஜோர்ஜ்டவுனில் போருக்கு முந்திய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. வாடகை மிகக் குறைவு என்பதால் பல உரிமையாளர்கள் பழுது பார்க்காமலே விட்டார்கள், அதுவும் உண்மை. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது. பெருமைதான். கட்டடங்கள் புதுப் பொலிவு பெற்றன, தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. ஆனால் அங்கே முன்பு குடியிருந்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

சிறுபட்டணத்துக்கும் இது நேரலாம். அரசாங்கப் பணத்தில் தெரு அழகாகும், வாடகை ஏறும், இருபது ஆண்டு முடி வெட்டியவர் வெளியே நிற்பார். எனவே ஒரு நிபந்தனை வேண்டும். பொதுப் பணம் வாங்கிப் பழுது பார்க்கும் உரிமையாளர், இத்தனை ஆண்டுகளுக்கு இருப்பவரை வெளியேற்ற மாட்டேன், வாடகையை இவ்வளவுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பந்தமும் கட்டட வரைபடத்தோடு ஒரே கோப்பில் இருக்க வேண்டும்.

டிங்கில் நமக்குக் கற்றுக் கொடுத்ததையும் மறக்கக்கூடாது. புத்ராஜெயா கட்டுவதற்காக 1990-களில் பிராங் புசார் முதலிய தோட்டங்கள் எடுக்கப்பட்டன. அங்கிருந்த மக்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். அந்தக் கட்டடங்களில் விரிசல் கண்டதும், தரை வீடு கேட்டு மக்கள் ஆண்டுக் கணக்கில் போராடியதும் நீங்கள் அறிந்ததே. விரிசல் இல்லாமல் கட்டியிருந்தாலும் குறை முழுதும் தீர்ந்திருக்காது. லயத்து வீடு சிறியது, ஆனால் அதற்கு வாசல் இருந்தது, காய்கறிப் பாத்தி இருந்தது, கல்யாணத்துக்கும் இழவுக்கும் பந்தல் போட இடம் இருந்தது. அடுக்குமாடியை வரைந்தவர், அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று போய்ப் பார்த்திருந்தால் அந்த வரைபடம் வேறு மாதிரி இருந்திருக்கும். மேல்மாடி எல்லாருக்கும் பொருந்தாது. தோட்டத்திலிருந்து வரும் குடும்பங்களுக்குத் தரை வீடுதான் வேண்டும் என்றால், அதைப் பட்டணத்துப் பள்ளிக்கும் சந்தைக்கும் நடக்கும் தூரத்தில் கட்டலாம். மலிவு நிலம் என்று காட்டோரத்தில் ஒதுக்கினால், வீடு கிடைத்தவரும் ஒதுங்கிப் போவார், பட்டணத்துக்கும் ஆள் கிடைக்காது.

இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்? ஊராட்சி மன்றத் தேர்தல் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1976 சட்டத்தோடு இல்லாமலே போயிற்று. இன்று மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள். அவர்களை நாம் ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். எந்த நிலம் வீட்டுக்கு, எந்தத் தெரு கடைக்கு, எங்கே கோயில், எங்கே சுடுகாடு என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. உடைக்க இயந்திரம் வந்த பிறகு கூடி நிற்பதைவிட, வரைவு ஒட்டப்பட்டிருக்கும் நாளில் பத்துப் பேர் போய் எழுத்தில் கொடுப்பது வலுவானது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சிறிய வேலைதான். உங்கள் பட்டணத்தில் ஒரு மாலை நேரம் கடைத்தெருவில் நடந்து போங்கள். எத்தனை மேல்மாடியில் விளக்கு எரிகிறது, எத்தனை இருண்டு கிடக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணியதை எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவரிடம் பேசுங்கள், உரிமையாளரிடமும் பேசுங்கள். அந்தப் பட்டியலோடு மன்றத்துக்குப் போங்கள். வரைபடம் வேண்டுமானால் என்னைப் போன்றவர்களை அழையுங்கள், வருகிறோம்.