பாதியில நிக்கிற இங்கிலீஷ் வாக்கியம்

செம்பரம்பாக்கம்னு சொன்னா சென்னைக்காரங்களுக்கு ஏரி ஞாபகம் வரும், 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வரும். இங்க குடியிருக்கிற எங்களுக்கு ஷிப்ட் பஸ்தான். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு பிரிஞ்சு போற பஸ்கள்ல டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடிச்ச பிள்ளைங்க ஏறுறாங்க. மெஷின்ல கை வெச்சா கெட்டிக்காரங்க. ஷிப்ட் முடிஞ்சு இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதணும்னா பேனா நின்னுடும். அவங்கள்ல சில பேருக்கு நான் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லித் தர்றேன்.

ஒரு தம்பி எழுதிக் காட்டினது இது: “ரீசெட் த லைன். ஆஃப்டர் இன்ஃபார்மிங் மெயின்டனன்ஸ். ஸ்டார்ட் த ரோபோ.”

மூணு முற்றுப்புள்ளி இருக்கு. நடுவுல இருக்கிறது யாரோட ஒட்டுது? மெயின்டனன்ஸுக்குச் சொல்லிட்டு ரீசெட் பண்ணணுமா, இல்ல ரீசெட் பண்ணிட்டு, அப்புறம் சொல்லி, ரோபோவை ஓட்டணுமா? எழுதினவருக்குத் தெரியும். அடுத்த ஷிப்ட்ல படிக்கிறவர் தனக்குத் தோணுனபடி எடுத்துப்பார். அந்த நேரம் கூண்டுக்குள்ள ஒருத்தர் கை விட்டுக்கிட்டு இருந்தா? அதனாலதான் இதை வெறும் மார்க் விஷயமா நான் பார்க்கிறதில்லை.

இப்படிப் பாதியில நிக்கிறதை இங்கிலீஷ்ல ‘சென்டென்ஸ் ஃபிராக்மென்ட்’னு சொல்றாங்க. நமக்கு இது புதுசு இல்லை. பள்ளிக்கூடத்துல வினைமுற்று, வினையெச்சம் படிச்சோமே! ‘வந்தான்’ முற்று, ‘வந்து’ எச்சம். ‘வந்து’னு எழுதிட்டு யாரும் புள்ளி வைக்க மாட்டோம். ‘ஆஃப்டர் இன்ஃபார்மிங்’கும் அதே மாதிரி ‘சொல்லிவிட்டு’தான்.

அப்புறம் ஏன் தப்பு வருது? தமிழ் தர்ற சில வசதிகளை இங்கிலீஷ் தராது. ‘மோட்டார் பயங்கர சூடு’ — வினைச்சொல்லே இல்லை, ஆனா தமிழ்ல முழு வாக்கியம். அதையே ‘மோட்டார் வெரி ஹாட்’னு எழுதினா ‘இஸ்’ இல்லாம நொண்டுது. இன்னொண்ணு, ‘பார்த்தேன்’னா அந்த ‘ஏன்’ விகுதியே ஆளைக் காட்டிடும். ‘செக்ட்’ காட்டாது. ‘செக்ட் அண்ட் ஃபவுண்ட் ஓகே’ — ரிப்போர்ட்கள்ல நான் அதிகமா பார்க்கிற வரி இதுதான். யார் பார்த்தாங்க? நானா, அவரா? ஏதாவது ஆச்சுன்னா முதல் கேள்வியே அதுதான்.

நான் சொல்லித் தர்ற சோதனை ஒண்ணு. எழுதின வரிக்கு முன்னாடி ‘இட் இஸ் ட்ரூ தட்’ சேர்த்து வாய்விட்டுப் படிங்க. ‘இட் இஸ் ட்ரூ தட் த சென்சார் ஃபெயில்ட்’ சரியா வருது. ‘இட் இஸ் ட்ரூ தட் பிகாஸ் த சென்சார் ஃபெயில்ட்’ தொங்குது பாருங்க. ‘த லைன் ஸ்டாப்ட்’டுக்குப் பின்னாடி புள்ளி வெச்சுப் பிரிச்சிருப்போம். புள்ளியை எடுத்துட்டு ஒட்டினாப் போதும்: ‘த லைன் ஸ்டாப்ட் பிகாஸ் த சென்சார் ஃபெயில்ட்.’ ‘பிகாஸ்’ பகுதியை முன்னாடி கொண்டு வந்தா நடுவுல கமா போடுங்க. ‘த பெல்ட் ரன்னிங் லூஸ்’ வேற ரகம். அங்க ஒட்ட வேண்டியதில்லை, ‘வாஸ்’ சேர்த்தா முடிஞ்சுது.

இந்தச் சோதனை கட்டளை வாக்கியத்துக்கு ஆகாது. ‘ஸ்டாப் த மெஷின்’ முழு வாக்கியம்தான். ‘யூ’ மறைஞ்சிருக்கு, நம்ம தோன்றா எழுவாய் மாதிரி. அதே மாதிரி, லாக் புக்ல ‘ஃபால்ட்’னு தலைப்பு போட்ட கட்டத்துக்குள்ள ‘ஆயில் லீக், ஸ்டேஷன் 4’னு எழுதினா அதைத் திருத்தாதீங்க. மீதியைத் தலைப்பே சொல்லிடுது. அதையும் சிவப்பு மையில வட்டம் போடுற வாத்தியார்கள் இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லை.

அந்தத் தம்பிகிட்ட எது முதல்லன்னு கேட்டேன். “சொல்லாம எதையும் தொடக் கூடாது சார்”னார். அப்படின்னா வரி இப்படி வரும்: ‘ஆஃப்டர் இன்ஃபார்மிங் மெயின்டனன்ஸ், ரீசெட் த லைன். தென் ஸ்டார்ட் த ரோபோ.’