கைம்மாறு கருதா விமரிசகர்



மாத்தளை நகருக்கு வடமேற்கே, மிளகுக் கொடி படர்ந்த தோட்டங்களுக்கிடையே யட்டவத்த என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்த் தபாற் கந்தோரின் முத்திரையுடன் 1974ஆம் ஆண்டில் எனக்கு ஒரு தபாலட்டை வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் என் முதற் கதை ஒரு சஞ்சிகையில் வெளியாகியிருந்தது. நிலவுலகிலிருந்து இறங்கி வந்து மலைநாட்டுத் தோட்டமொன்றில் தங்கிய பெண்ணொருத்தியைப் பற்றிய அற்புதக் கதை அது. தபாலட்டையில் நெருக்கமான கையெழுத்தில் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: “பௌர்ணமி இரவில், நள்ளிரவு வேளையில், கீழ்த்திசை மலைக்குப் பின்னாலிருந்து நிலா எழுந்ததாக எழுதியுள்ளீர்கள். பௌர்ணமியன்று கதிரவன் மேற்கே விழும்போதே நிலா கிழக்கே எழுந்துவிடும்; நள்ளிரவில் அது உச்சியில் நிற்கும். நிலவிலிருந்து வந்த பெண்ணை நம்புவதற்கு நான் ஆயத்தமாயிருக்கிறேன். நிலாவை நம்ப முடியவில்லை. அப்பெண் தேயிலைக் கொழுந்தை முதன்முதல் தொட்டுப் பார்க்கும் இடம் நன்றாயிருக்கிறது. அதை நான்கு முறை வாசித்தேன்.” கீழே பெயரும், தோட்டத்தின் பெயரும், யட்டவத்த என்ற ஊர்ப் பெயரும் இருந்தன.

நான் மறுமொழி எழுதவில்லை. கோபம் எழுதவிடவில்லை. அந்தக் கதைக்கு வந்த ஒரே கடிதம் அதுவாயிருந்தும், நான்கு முறை வாசித்தேன் என்ற சொற்களைக் கண் கடந்து சென்றது. நிலாவிலேயே மனம் நின்றுவிட்டது. எழுதுவோர் பலருக்கும் உள்ள நோய் இது.

விஞ்ஞானக் கதை, அற்புதக் கதை என்று நாம் வழங்கும் இவ்விலக்கிய வகையை வளர்த்தவர் யார் என்று கேட்டால், வெல்ஸ், வேர்ண் முதலிய ஆசிரியர்களின் பெயர்களே சொல்லப்படும். தபாலட்டை எழுதியவர்களை எவரும் சொல்வதில்லை. அவர்களைப் பற்றிச் சொல்வதற்கே இன்று ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கிறேன்.

1926ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஹியூகோ கேர்ண்ஸ்பாக் என்பவர் அமெரிக்காவில் ‘அமேஸிங் ஸ்டோரிஸ்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே நடத்தப்பட்ட முதல் ஆங்கிலச் சஞ்சிகை அதுவே. அதில் வாசகர் கடிதங்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. கடிதம் எழுதியவரின் முகவரியும் சேர்த்தே அச்சிடப்பட்டது. முகவரியை அச்சிடுவது அற்பமான காரியம் போலத் தோன்றும். ஆனால் ஒரு நகரத்து வாசகன் மற்றொரு நகரத்து வாசகனுக்கு நேரே எழுதுவதற்கு அதுவே வழி திறந்தது. ஆசிரியரின் தயவு அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. 1930ஆம் ஆண்டு மே மாதத்தில், இத்தகைய கடிதத் தோழர்கள் ‘வால்வெள்ளி’ எனப் பொருள்படும் பெயரில் தாமே ஒரு சிற்றேட்டை வெளியிட்டனர். அதன் பின் எத்தனையோ ஏடுகள் தோன்றின. நம் பாடசாலைகளில் வினாத்தாள் அடித்த ரோனியோவைப் போன்ற பிரதி யந்திரங்களிலும், அதுவும் கிடையாத இடத்தில் பசைத்தட்டிலும் மை படிந்த கைகளோடு அடித்துத் தபாலில் அனுப்பினார்கள். ஊதியம் கிடையாது, முத்திரைச் செலவும் அவர்களுடையதே.

பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இக்கதைகளைக் கையால் தொடாத காலம் அது. பத்திரிகை மதிப்புரையாளரும் அவ்வாறே. ஆதலால் எது நல்லது, எது பழைய கள், எந்தக் கருத்து முன்னரே சொல்லப்பட்டுவிட்டது என்று தெரிந்து சொல்லத்தக்கவர் இந்த இரசிகர்களைத் தவிர வேறெவரும் இருக்கவில்லை. கலைச்சொற்களைக்கூட அவர்களே ஆக்கினார்கள். துப்பாக்கியும் குதிரையும் நிறைந்த மலிவுக் கதையை விண்வெளிக்குப் பெயர்த்து எழுதுவதை ‘ஸ்பேஸ் ஒப்பரா’ என்று இன்று உலகம் முழுவதும் சொல்கிறார்களே, அச்சொல்லை 1941இல் தம் சொந்தச் சிற்றேட்டில் வழங்கியவர் வில்சன் டக்கர். சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டி வாழ்ந்தவர் அவர்.

1945இல், வான் வோக்ட் என்ற புகழ்மிக்க ஆசிரியரின் ‘தி வேர்ல்ட் ஒஃப் நல்-ஏ’ என்ற தொடர்கதை வெளியாகியது. இருபதுகளின் தொடக்கத்திலிருந்த டேமன் நைட் என்ற இளைஞர், அக்கதையின் கட்டுக்கோப்பை ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, ஓர் இரசிகர் ஏட்டில் நீண்ட கண்டனம் எழுதினார். கதை 1948இல் நூலாக வந்தபோது ஆசிரியர் அதைத் திருத்தியிருந்தார். 1970ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையிலும் நைட்டின் கண்டனத்தைப் பற்றிப் பேசினார். கால் நூற்றாண்டு கழிந்தும் ஆறாத காயம்! நைட் சொன்னது முற்றிலும் நியாயமென்று நான் கருதவில்லை. வான் வோக்டின் கதைகளில் உள்ள கனவு போன்ற குழப்பமே தம்மை ஈர்த்ததென்று பிலிப் டிக் என்ற பெரிய எழுத்தாளர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விமரிசகர் பிழைபடலாம். ஆயினும் ஒரு தொடர்கதையை அத்தனை சிரத்தையோடு வாசித்தவர் வேறு யார்? இரசிகர் உலகில் வீண் சண்டையும் கோஷ்டிப் பூசலும் மலிந்திருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சுவைஞர் கூடும் இடமெல்லாம் அப்படித்தான்.

யட்டவத்தைக்கு நான் சென்றது 1978இல். மாத்தளையில் ஓர் உறவினர் திருமணம். மறுநாட் காலையில் வெட்கமும் ஆவலும் ஒருங்கே உந்த பஸ் ஏறினேன். தபாலட்டைக்காரர் அங்கே ஒரு தோட்டக் கந்தோரில் கிளாக்கராயிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லாரும் அவரைக் கிளாக்கரையா என்றே அழைத்தனர். நான் பெயரைச் சொன்னதும், “நிலாத் தம்பியா? வாங்க, வாங்க” என்றார். நான்கு ஆண்டு மறுமொழி எழுதாததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவருடைய அறையில் பதினொரு சீ.ஆர். கொப்பிகள் இருந்தன. மாத்தளையிலும் கண்டியிலும் நூலகங்களில் இரவல் பெற்ற ஆங்கிலக் கதைகள், தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளில் வந்த தொடர்கதைகள், அம்புலிமாமாவின் வேதாளக் கதைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் தேதியிட்டு மதிப்புரை எழுதி வைத்திருந்தார். அச்சில் வருவதற்காக எழுதியவை அல்ல. மாயக் கதைக்கும் கணக்கு வேண்டுமென்பது அவர் கொள்கை. பூதம் மூன்று வரந்தான் தருமென்றால் நான்காவது வரத்தை ஆசிரியர் திருட்டுத்தனமாக நுழைக்கக் கூடாது. “செக்றோல் எழுதுறவன் தம்பி நான்; ஒரு ஆள் கூடினாலும் குறைஞ்சாலும் கண்ணுல பட்டுடும்” என்பார்.

ஆர்தர் கிளாக்கிடம் அவருக்குத் தனிப் பிரியம். “அவர் பேரும் நம்ம உத்தியோகந்தான்” என்று சிரிப்பார். அது வெறும் பகிடியன்று. 1937ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் தேதி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், விஞ்ஞானக் கதை இரசிகர் சிலர் ஒரு சிறு மண்டபத்தில் கூடினர். இத்தகைய மாநாடுகளுள் அதுவே முதலாவதென்று பலரும் கருதுவர். அதற்குச் சென்றவர்களுள் பத்தொன்பது வயது ஆர்தர் கிளாக்கும் ஒருவர். அப்போது அவர் அரசாங்கத்தில் கணக்குப் பரிசோதிக்கும் எழுதுவினைஞர். ‘நோவே டெரே’ என்ற இரசிகர் ஏட்டின் துணையாசிரியர்களுள் ஒருவராகவும் பின்னர் பணிபுரிந்தார். கதையாசிரியராகப் பணம் பெற்று அச்சேறியது 1946இலேதான். அதற்கு முன் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவர் இரசிகராகவே பயின்றார் எனலாம்.

அந்தக் கிளாக் இலங்கையில் குடியேறியது 1956இல். 1956 என்றவுடன் இந்நாட்டுத் தமிழர் மனத்தில் வேறு நினைவுகள் எழும். அவை இப்பேச்சுக்குரியன அல்ல. அதே ஆண்டில் கிளாக் ஒரு சிறுகதைக்காக ஹியூகோ பரிசு பெற்றார். டேமன் நைட்டும் சிறந்த நூல் மதிப்புரையாளருக்கான ஹியூகோ பரிசைப் பெற்றார். அவருடைய விமரிசனக் கட்டுரைகளும் தொகுப்பாக அவ்வாண்டிலேயே வெளிவந்தன. இவற்றுக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாதபடி, அதே 1956இல், நம் தொல்பொருள் அறிஞர் செனரத் பரணவிதான சிகிரியாக் கண்ணாடிச் சுவரில் கீறப்பட்ட 685 பாடல்களை இரு பாகங்களாகப் பதிப்பித்தார்.

சிகிரியாவும் மாத்தளை மாவட்டமே. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட காசியப்ப மன்னனின் பாறையிலே, முகிலிலிருந்து எழுவது போன்ற பெண்களின் ஓவியங்கள் உள. தேவமாதர் என்பார் சிலர். மின்னலும் மேகமும் என்றார் பரணவிதான. எதுவாயினும் அற்புதக் கற்பனையே. மன்னன் மறைந்து சில நூற்றாண்டுகளின் பின், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை, அங்கு வந்து பார்த்த பொதுமக்கள் தாம் கண்டதைப் பற்றிச் சுவரிலே எழுதிச் சென்றனர். பிக்குமார் எழுதினர், அதிகாரிகள் எழுதினர், பெண்களும் எழுதினர். இவள் ஏன் பேசாதிருக்கிறாள் என்று ஏங்கியவர் பலர். ஓவியப் பெண்மீது பொறாமை கொண்டு எழுதிய பெண்ணும் உண்டு. பலர் தம் பெயரையும் ஊரையும் பொறித்தே சென்றார்கள். கேர்ண்ஸ்பாக்கின் கடிதப் பகுதிக்கு ஆயிரம் ஆண்டு முன்னரே முகவரியிட்டு எழுதிய இரசிகர் இவர்கள்! ஓவியம் தீட்டியவன் பெயர் நமக்குத் தெரியாது. பார்த்தவர்களின் பெயர் தெரியும்.

சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் மனத்திற்கொண்டு கிளாக் எழுதிய ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ 1979இல் வெளிவந்தது. பூமியிலிருந்து 36,000 கிலோமீற்றர் உயரத்துக்குக் கோபுரம் எழுப்பும் கதை. இலங்கையைத் தாம் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தியதையும், புனித மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கிப் பாறைக்கு அருகே கொண்டுவந்ததையும் நூலிலேயே அவர் ஒப்புக்கொள்கிறார். கிளாக்கரையாவின் கொப்பியில் இந்நூலுக்கு ஒன்பது பக்கம். கோபுரத்தின் கணக்கைப் பாராட்டுகிறார். தங்கநிற வண்ணத்துப்பூச்சிகள் மலையுச்சியை அடையும் இடத்தை, இந்நாட்டார் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டவரே எழுத முடியும் என்கிறார். பிறகு எழுதுகிறார்: “மலையைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். சரி. இடையில் இருந்த மாத்தளை எங்கே? யட்டவத்த எங்கே? பாறை இருக்கிறது, மன்னன் இருக்கிறான், பிக்கு இருக்கிறார், பொறியியலாளர் இருக்கிறார். பாறையடியில் வயல் உழுகிறவனையும் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கிறவளையும் காணோம். நகர்த்தும்போது விழுந்துவிட்டார்கள் போலும்.” ஹியூகோ, நெபியூலா என்ற இரண்டு பெரும் பரிசுகளையும் பெற்ற நூல் அது. அதைப் பற்றி நான் வாசித்தவற்றுள் இக்கேள்வியைக் கேட்டவர் அவரொருவரே.

இதைக் கிளாக்குக்கு எழுதுங்கள், கொழும்பில்தானே இருக்கிறார் என்றேன். எழுதவில்லை. ஆங்கிலத்தில் எழுதக் கூச்சம்.

1983 ஆடிக் கலவரத்தில் அவருடைய அறை எரிந்தது. ஏழு கொப்பிகள் போயின. எஞ்சிய நான்கும் தப்பியது, யட்டவத்தையில் இருந்த சிங்கள ஆசிரியர் ஒருவரிடம் அவர் முன்னரே கொடுத்து வைத்திருந்ததனால். தமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் நிறைந்த அக்கொப்பிகளை அம்மனிதர் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றி வைத்திருந்தார். எரிந்த ஏழு கொப்பிகளில் பேசப்பட்ட கதைகளை இன்றும் விலை கொடுத்து வாங்கலாம். அவற்றை மலைநாட்டுத் தமிழர் ஒருவர் எவ்வாறு வாசித்தார் என்பதை எங்கும் வாங்க முடியாது.

தமிழில் இவ்வகை மனிதருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1954இல் மறைந்த டி. கே. சிதம்பரநாத முதலியாரைத் தமிழுலகம் ‘இரசிகமணி’ என்று அழைத்தது. பெரிய காவியம் எதையும் இயற்றாத ஒருவருக்குச் சுவைத்தலுக்காகவே கிடைத்த பட்டம் அது. திருநெல்வேலியில் அவர் வீட்டு ‘வட்டத்தொட்டி’யில் கூடியவர்கள் பயின்றது அந்தச் சுவையைத்தான். ஆனால் கம்பனுக்குக் கிடைத்த அந்த இரசிகர் கூட்டம் விஞ்ஞானக் கதைக்குக் கிடைக்கவில்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஜீனோ என்ற இயந்திர நாயை விரும்பாதவர் இல்லை. கிளாக்கரையாவும் விரும்பினார். விரும்பிவிட்டு, இவ்வளவு தத்துவம் படிக்கும் நாய் ஏன் ஒரு முறையாவது தவறாக விளங்கிக்கொள்ளவில்லை என்று கொப்பியில் கேட்டார். சுஜாதா 2008 பெப்ரவரி 27இலும் கிளாக் அதே ஆண்டு மார்ச் 19இலும் காலமாயினர். இருவருக்கும் அஞ்சலிகள் குவிந்தன. அவர்களைப் பக்கம் பக்கமாக வாசித்துப் பிழை திருத்திய வாசகர்களின் ஏடுகளோ பழைய கடதாசிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

சிறந்த இரசிக எழுத்தாளருக்கென்று ஹியூகோ பரிசில் தனிப்பிரிவு 1967 முதல் இருந்து வருகிறது. அப்பரிசை முதலிற் பெற்ற அலெக்ஸி பான்ஷின் பின்னர் நாவலாசிரியராகவும் புகழ்பெற்றார். நம் நாட்டு வஜ்ர சந்திரசேகர, ஊதியம் பெறாத தொண்டர்கள் நடத்தும் ஒரு விஞ்ஞானக் கதை இதழின் ஆசிரியர் குழுவிலிருந்தவர். அவருடைய 2023ஆம் ஆண்டு நாவல் நெபியூலா பரிசு பெற்றது. பிறர் கதையைக் கூர்ந்து வாசித்த பழக்கம் வீண்போவதில்லை. ஆனாலும் எழுத்தாளராவதற்கு ஏணி என்பதற்காகவே இரசிகரை மதிப்பது எனக்கு உடன்பாடன்று. கிளாக்கரையா கடைசி வரை ஒரு கதையும் எழுதவில்லை. எழுதும் ஆசையும் அவருக்கில்லை.

அவர் இன்று இல்லை. நான்கு கொப்பிகளும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் தட்டெழுதி வருகிறேன்.

என் முதற் கதை 1991இல் ஒரு தொகுப்பில் மறுபடி அச்சானபோது, பௌர்ணமியை நீக்கித் தேய்பிறை அட்டமி என்று மாற்றினேன். அட்டமி நிலா நள்ளிரவிலே எழும். தொகுப்பை யட்டவத்தைக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் தபாலட்டை வந்தது. “இப்போது நிலா சரி. ஆனால் அந்த அரை நிலா வெளிச்சத்தில் கதாநாயகன் கடிதம் வாசிக்கிறான். நேற்று அட்டமி; முற்றத்தில் இருந்து வாசித்துப் பார்த்தேன், எழுத்துத் தெரியவில்லை. எனக்குக் கண் மங்கிவிட்டதாகவும் இருக்கலாம். தம்பி அங்கே ஒரு முறை பார்த்து எழுதவும்.”

அந்த அட்டைக்கு அன்றே மறுமொழி எழுதினேன்.